முகம் பாராத நட்பு: விண்வெளித் தொடர் ரசிகர்களின் 60 ஆண்டு அனுபவம்

16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க மலேசியா முனைந்திருக்கிறது. கடந்த ஆண்டு நவம்பரில் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் இதை அறிவித்தார். இணையப் பாதுகாப்புச் சட்டம் இவ்வாண்டு ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே, 2025 டிசம்பர் 10ஆம் தேதி, ஆஸ்திரேலியா இதே 16 வயதுத் தடையை நடைமுறைப்படுத்திவிட்டது. பகடிவதை, காதல் மோசடி, சிறுவர்களைக் குறிவைக்கும் ஆசாமிகள் என்று நாள்தோறும் செய்தி படிக்கும் பெற்றோருக்கு இது நிம்மதி தரும் அறிவிப்புதான்.

ஆனால் இந்த விவாதத்தில் ஒரு கேள்வி அடிக்கடி நழுவிப்போகிறது. இணையத்தில் கிடைக்கும் நண்பன் உண்மையில் நண்பனா? வீட்டில் பெரியவர்கள் "முகம் தெரியாதவனோடு என்ன பேச்சு?" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளோ "உங்களுக்குப் புரியாது" என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இருவருக்கும் நடுவே, இந்தக் கேள்விக்கு நீண்ட அனுபவத்தோடு பதில் சொல்லக்கூடிய ஒரு கூட்டம் இருக்கிறது. அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்கள்தாம் அவர்கள். முகம் பாராத நட்பை உலகத்தில் முதலில் பெரிய அளவில் பழகிப் பார்த்தவர்களில் அவர்களும் உண்டு. அதன் நன்மையையும் பார்த்தார்கள், அடியும் வாங்கினார்கள்.

வரும் செப்டம்பர் 8ஆம் தேதியோடு 'ஸ்டார் டிரெக்' தொடருக்கு 60 வயது நிறைகிறது. 1966இல் அமெரிக்காவின் என்பிசி ஒளியலையில் தொடங்கிய அந்தத் தொடரை அப்போது பார்த்தவர்கள் குறைவு. இரண்டாவது பருவத்தின் நடுவிலேயே நிறுத்திவிடப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜான் டிரிம்பிள், பீஜோ டிரிம்பிள் தம்பதியர் 1967ஆம் ஆண்டின் இறுதியில் கடித இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் வகுத்த வழி எளிமையானது: நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள், இன்னும் 10 பேரை எழுதச் சொல்லுங்கள், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்லட்டும். இன்றைய புலனக் குழுக்களில் "10 பேருக்கு அனுப்புங்கள்" என்று வருவது போலத்தான். ஆனால் அன்று ஒவ்வொன்றுக்கும் கையால் எழுத வேண்டும், தபால் தலை ஒட்ட வேண்டும், முகவரியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்ததாக நிலையத்தார் கணக்குச் சொன்னார்கள். அந்த எண்ணிக்கை பற்றி இன்றும் சர்ச்சை உண்டு. 1968 மார்ச் 1ஆம் தேதி, அன்றைய அங்கம் முடிந்ததும், தொடர் நீடிக்கும், இனிக் கடிதம் எழுத வேண்டாம் என்று திரையிலேயே அறிவிக்க நேர்ந்தது. ரசிகர்கள் விட்டார்களா? நன்றிக் கடிதங்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது பருவம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்டது; 1969இல், 79 அங்கங்களோடு, தொடர் நின்றது.

தொடர் நின்றது, கூட்டம் கலையவில்லை. மறு ஒளிபரப்பில் பார்த்தவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1972 ஜனவரியில் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் முதல் பெரிய மாநாட்டைக் கூட்டியபோது, ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்தது சில நூறு பேரை. வந்தது 3,000 பேருக்கும் மேல். அதுவரை கடிதத்தில் மட்டும் அறிந்தவர்கள் அங்கேதான் முதன்முறையாக முகம் பார்த்துக்கொண்டார்கள். 1976இல் அமெரிக்க விண்வெளி ஓடத்தின் முதல் சோதனைக் கலத்துக்கு 'எண்டர்பிரைஸ்' என்று அந்தத் தொடரின் கப்பல் பெயரே சூட்டப்பட்டதற்கும் ரசிகர்களின் கடிதங்களே காரணம்.

பக்கத்து வீட்டில் இல்லாத ஆள்

இது ஏன் அறிவியல் புனைவு ரசிகர்களுக்கு நேர்ந்தது, குடும்பத் தொடர் பார்ப்பவர்களுக்கு நேரவில்லை என்று யோசித்தால் விஷயம் விளங்கும். இரவு நாடகத்தில் மருமகள் என்ன ஆனாள் என்று பேச இணைய நண்பர் தேவையில்லை. மறுநாள் காலை பசாரில் பார்க்கும் அக்காவே போதும். ஆனால் ஒரு சிற்றூரில், செயற்கை மனிதனுக்கு உரிமை உண்டா என்று வாதிடும் ஓர் அங்கத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கும் பையன் யாரிடம் பேசுவான்? வகுப்பில் சொன்னால் கேலி. வீட்டில் சொன்னால், "படிக்கிற வேலையைப் பார்." பத்து மைல் சுற்றளவில் அவனைப் போல இன்னொருவன் இருந்தாலே பெரிய காரியம்.

தமிழில் இதற்குத் தீனியும் குறைவு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொலைக்காட்சித் தொடராக வந்ததை நடுத்தர வயதினர் நினைவு வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆகவே இந்த ஆர்வமுள்ள தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத் தொடருக்குப் போகிறது, அதோடு ஆங்கிலம் பேசும் அந்நியர்களின் நட்புக்கும் போகிறது. 2006இல் வந்த 'ஹீரோஸ்' தொடரில் மொஹிந்தர் சுரேஷ் என்ற சென்னைப் பேராசிரியரைத் திரையில் பார்த்தபோதும், 2017இல் 'ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி'யில் ஈப்போவில் பிறந்த மிஷல் இயோ கப்பல் தலைவியாக வந்தபோதும் இந்த வட்டாரத்து ரசிகர்களுக்கு ஏற்பட்ட பூரிப்பு சாதாரணமானதல்ல. கதைப்படி அந்தத் தலைவியின் சொந்த ஊர் லங்காவி. இத்தகைய செய்தியைப் பகிர்ந்து மகிழ ஒரு துணை வேண்டுமே!

கணினி வந்ததும் இந்தத் தனிமை முதலில் உடைந்தது. இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில், ராணுவ ஆய்வுப் பணத்தில் ஓடிய வலையமைப்பிலேயே, 1979 வாக்கில் அறிவியல் புனைவுப் பிரியர்கள் தங்களுக்குள் கடிதக் குழு ஒன்றை நடத்தினார்கள். கொடுத்த வேலையை விட்டுவிட்டு விண்கப்பல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று கோபப்பட இடமுண்டு. ஆனால் கணினி வலை என்பது கணக்குப் போட மட்டும் அல்ல, மனிதர்கள் கூடிப் பேசவும்தான் என்பதை ஆரம்பத்திலேயே காட்டியவர்களில் அவர்களும் அடக்கம்.

1990களில் 'பாபிலோன் 5' வந்தது. அதை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்டிராசின்ஸ்கி, தொடர் ஒளியேறும் முன்பிருந்தே கணினி வழியாக ரசிகர்களோடு நேரடியாகப் பேசினார். ஆயிரக்கணக்கான பதில்கள். எழுத்தாளரும் பார்வையாளரும் நாள்தோறும் பேசிக்கொள்வது அப்போது கேள்விப்படாத ஒன்று. இதில் சிக்கலும் வந்தது. ரசிகர் ஒருவர் விளையாட்டாகச் சொன்ன ஊகம், ஸ்டிராசின்ஸ்கி மனத்தில் வைத்திருந்த கதையோடு ஒத்துப்போனது. பின்னாளில் வழக்கு வரலாம் என்பதால், அந்த ரசிகர் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும்வரை அந்த அங்கத்தை ஒத்திப்போட வேண்டியதாயிற்று. அதன் பிறகு, கதை யோசனைகளை வடிகட்டி அனுப்பும் கண்காணிப்பாளர்கள் அமர்த்தப்பட்ட தனி இடம் உருவானது. இந்தச் சின்னச் சம்பவம் ஒன்றைக் காட்டுகிறது: அவர்கள் பிரச்சினை வந்ததும் கதவை இழுத்துப் பூட்டவில்லை, வாசலில் ஆள் நிறுத்தினார்கள்.

ஒரு தொடருக்காக ஒன்று திரண்டவர்கள் எதுவரை போவார்கள் என்பதற்கு 'ஜெரிக்கோ' கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகு தனித்து நிற்கும் சிற்றூரைப் பற்றிய தொடர் அது. 2007 மே மாதம் சிபிஎஸ் அதை நிறுத்தியது. கடைசி அங்கத்தில் கதாநாயகன் சரணடைய மறுத்துச் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'கொட்டை, கடலை' என்றும் பொருள். உடனே ரசிகர்கள் இணையக் கடை ஒன்றின் வழியாக நிலையத்துக்குக் கடலை அனுப்பத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 20 டன்! ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுத்துப் பிழைத்த குடும்பங்கள் கேட்டிருந்தால், இப்படியும் ஒரு வியாபாரமா என்று வாயைப் பிளந்திருக்கும். ஜூன் மாதத்தில் சிபிஎஸ் பணிந்து, ஏழு அங்கங்கள் கொண்ட இரண்டாம் பருவத்துக்குச் சம்மதித்தது. தயவுசெய்து கடலை அனுப்புவதை நிறுத்துங்கள் என்ற வேண்டுகோளும் சேர்ந்து வந்தது.

2018இல் நடந்த 'தி எக்ஸ்பான்ஸ்' போராட்டம் இன்னும் ருசிகரமானது. அந்தத் தொடரின் கதையைத் தோட்டப்புற மக்கள் ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம். பூமிக்கும் செவ்வாய்க்கும் வேண்டிய பனிக்கட்டியையும் கனிமத்தையும் வெட்டித் தர, சிறுகோள்களில் குடியேற்றப்பட்ட தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்கிறார்கள். தண்ணீர் அளந்து கொடுக்கப்படுகிறது, காற்றுக்கும் விலை. வேலை கொடுத்தவன் ஊர் அவர்களுக்குச் சொந்தமில்லை, பிறந்த இடமும் சொந்தமில்லை. பல நாட்டு மொழிகள் கலந்து அவர்களுக்கென்று ஒரு பேச்சு உருவாகியிருக்கிறது. லயத்து வீடுகளில் தமிழும் மலாயும் கலந்து பிறந்த பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்காத விண்வெளிக் கதை அல்ல. தொடருக்காக அந்தக் கலப்பு மொழியை மொழியியலாளர் நிக் ஃபார்மர் வடிவமைத்தார்; ரசிகர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து அதைக் கற்றுக்கொண்டார்கள்.

சைஃபை ஒளியலை 2018 மே மாதம் தொடரைக் கைவிட்டது. இணைய விண்ணப்பத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அறிமுகமில்லாதவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, தொடரைக் காப்பாற்றுங்கள் என்ற பதாகையை அமேசான் ஸ்டூடியோஸ் அலுவலகத்துக்கு மேலே பறக்கவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த விண்வெளி மாநாட்டில், நடிகர்கள் முன்னிலையிலேயே, தொடர் காப்பாற்றப்பட்டது என்று அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அறிவித்தார். 2019 டிசம்பரில் நான்காம் பருவம் வந்தது. 2022 ஜனவரியில் ஆறாம் பருவத்தோடு தொடர் நிறைவடைந்தது.

இந்த வெற்றிகளைக் கேட்டுவிட்டு, இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் தொடர் வெறும் சாக்கு. பந்தாட்டக் குழுவில் பந்து எப்படியோ அப்படி. 'ஃபயர்ஃபிளை' என்ற தொடர் 2002இல் ஒரே பருவத்தில், எடுத்த 14 அங்கங்களில் 11 மட்டும் ஒளியேறிய நிலையில் நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் வாங்கிக் குவித்த டிவிடிகளின் பலத்தில் 2005இல் அது திரைப்படமாக வந்தது. அதற்கு மறு ஆண்டிலிருந்து அந்தப் படத்தை ஊர் ஊராகத் திரையிட்டு, பெண்ணுரிமை அமைப்புக்கு நன்கொடை திரட்டும் வழக்கத்தை ரசிகர்கள் தொடங்கினார்கள். தொடர் செத்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கூடிப் பேசும் அளவுக்கு மிச்சமிருப்பது அந்த மனிதர்களின் உறவே.

நமக்கும் இது புதிதல்ல

முகம் பாராத நட்பு வெள்ளைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1950களில் சிங்கப்பூர் 'தமிழ் முரசு' நாளிதழ் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை நடத்தியது. மலாயாவின் மூலை முடுக்குகளில் இருந்த பிள்ளைகள் அதற்கு எழுதினார்கள். ஒருவர் பெயரை மற்றவர் அச்சில் பார்த்தார்கள், கடிதம் எழுதிக்கொண்டார்கள். பிறகு ஊருக்கு ஊர் மன்றம் கூடியது. அந்த வேரில் எழுந்த மணிமன்ற இயக்கம் நாடெங்கும் தமிழ் இளைஞர்களைத் திரட்டியது. வானொலி நேயர் விருப்பத்தில் தோட்டத்துப் பெயரோடு சேர்த்து வாசிக்கப்படும் நீண்ட பெயர்ப் பட்டியலில், ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் பெயரை வாரந்தோறும் எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகள். பேனா நட்பு கல்யாணத்தில் முடிந்த கதைகளையும் கேட்டிருப்பார்கள். பேரப்பிள்ளையின் கைப்பேசி நட்பைப் பார்த்து மட்டும் ஏனோ முகம் சுளிக்கிறார்கள்.

வேறுபாடு இல்லாமல் இல்லை. கடித நட்பு மெதுவாக நகரும். பொய் சொல்பவனுக்கும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இன்று ஓர் இரவில் நூறு செய்தி பரிமாறி, மூன்றே நாளில் 'உயிர் நண்பன்' ஆகிவிட முடியும். தொடர் ரசிகர்களின் பழைய நட்புகளுக்கும் இந்த நிதானம் இருந்தது. வாரம் ஓர் அங்கம். பார்த்துவிட்டு ஏழு நாள் பேச்சு. அடுத்தது என்ன என்று ஆளுக்கொரு ஊகம். ஒருவர் எப்படி வாதிடுகிறார், தோற்றால் எப்படி நடந்துகொள்கிறார், புதியவரைக் கேலி செய்கிறாரா, கைகொடுக்கிறாரா என்பதெல்லாம் பல மாதங்களில் பத்துப் பேர் முன்னிலையில் தெரிந்துவிடும். இப்போது ஸ்ட்ரீமிங் தளங்கள் முழுப் பருவத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடும்போது, பேச்சும் ஒரு வாரத்தில் வற்றிவிடுகிறது. பழக நேரமில்லாமல் நெருக்கம் மட்டும் வந்துவிடுகிறது. தளங்களைக் குறை சொல்பவர்கள் இதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

பிள்ளை இரவெல்லாம் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வருந்தும் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று நார்வேயிலிருந்து வந்தது. அது தொலைக்காட்சித் தொடர் பற்றியதல்ல, கணினி விளையாட்டு பற்றியது. என்றாலும் பொருள் ஒன்றே. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்த மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் 2014இல் 25 வயதில் இறந்தார். மகன் நண்பர்கள் இல்லாமலே வாழ்ந்து போய்விட்டான் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவர் எழுதிவந்த வலைப்பதிவில் தந்தை மரணச் செய்தியைப் பதிந்தபோது, பல நாடுகளிலிருந்து இரங்கல் மடல்கள் வந்து குவிந்தன. சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து சேர்ந்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே பேச்சை மீட்டுக் கொடுத்தது என்று அவர் செய்த உதவிகளை அவர்கள் சொல்லித்தான் பெற்றோருக்குத் தெரிந்தது. 2024இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ஆவணப்படம் அவர் வாழ்க்கையைச் சொல்கிறது.

கெட்டுப்போன இடங்கள்

இந்த ரசிகர் உலகத்தைச் சொர்க்கமாகக் காட்டுவது பொய். காசு வந்த இடத்தில் பிளவு வந்தது. 'ஸ்டார் டிரெக்' கதையை வைத்து ரசிகர் குழு ஒன்று 'ஆக்ஸனார்' என்ற படத்தை எடுக்கப் புறப்பட்டு, இணையத்தில் சக ரசிகர்களிடமிருந்து பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரட்டியது. 2015 இறுதியில் உரிமையாளர்களான சிபிஎஸ்சும் பாராமவுண்ட்டும் வழக்குத் தொடுத்தன. 2017 ஜனவரியில் சமரசம் ஆனது. இதற்கிடையே, ரசிகர் படம் 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், இரண்டு பாகமானால் மொத்தம் 30 நிமிடம், திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக்கூடாது என்ற விதிகள் வந்தன. வழக்கைவிட, பணம் எங்கே போனது என்று நண்பர்கள் ஒருவரையொருவர் கேட்டுச் சண்டையிட்டதே பலருக்குக் கசந்தது. கோயில் திருப்பணிக் கமிட்டியில் கணக்குக் கேட்டு உடைந்த உறவுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நிறவெறியும் உண்டு. 2022இல் 'ஓபி-வான் கெனோபி' தொடரில் நடித்த கறுப்பின நடிகை மோசஸ் இங்கிரமுக்கு ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களிடமிருந்தே இழிவான செய்திகள் குவிந்தன. நிறுவனமும் சக நடிகர்களும் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார்கள். பல நூறு உயிரினங்கள் ஒற்றுமையாக வாழும் கற்பனை உலகை விரும்புகிறவனுக்கு, தோல் நிறம் மாறிய ஒரு மனிதரைச் சகிக்க முடியவில்லை என்பது விசித்திரம்தான்.

நடிகரோடு ரசிகருக்கு ஏற்படும் நெருக்கம் வேறு வகையான ஆபத்து. திரையில் தெரிபவரை நம் ஆள் என்று எண்ணும் ஒருதலை உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956லேயே எழுதிவிட்டார்கள். அன்று நடிகர் திரும்பப் பேச மாட்டார். இன்று பேசுகிறார், தனிச் செய்தியும் அனுப்புகிறார். 2020இல் ஒரு புகழ்பெற்ற விண்வெளித் தொடரின் நடிகர் மீது பெண் ரசிகர்கள் பலர் சமூக ஊடகத்தில் தகாத நடத்தைப் புகார் சொன்னார்கள். தயாரிப்பாளர்கள் விசாரணை நடத்தினார்கள். தொடரின் இறுதிப் பருவத்தில் அவர் இல்லை. இரண்டு ரசிகர்கள் தொடரைப் பற்றிப் பேசுவது சமமானவர்களின் நட்பு. புகழ் உள்ளவரும் அவரை வணங்குபவரும் தனியறையில் பேசுவது அப்படியல்ல.

இப்படிச் சூடுபட்டு அவர்கள் கற்ற பாடங்கள் சில வழக்கமாகவே ஊறிவிட்டன. புதியவர் பொது இடத்தில் பேசட்டும், தனிச் செய்திக்கு அவசரம் வேண்டாம். முதல் சந்திப்பு மாநாட்டில், கூட்டத்தின் நடுவே. பணம் கேட்டால் நின்று யோசி. வேடம் அணிந்து வருபவரை அனுமதியின்றித் தொடாதே. 2014 முதல் நியூயார்க் காமிக் கான் விழாவில் இதற்குப் பெரிய அறிவிப்புப் பலகையே வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வயதில் மூத்தவர்கள் கண்காணிப்பாளர்களாக, சம்பளமில்லாமல், இரவு பகலாக விழித்திருக்கிறார்கள்.

இந்த அனுபவத்தை வைத்துப் புதிய சட்டங்களைப் பார்த்தால் ஓர் ஓட்டை தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் தடைப் பட்டியலில் முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் ஆகியவற்றோடு ரெடிட்டும் இருக்கிறது. ரெடிட்டில் தொடர் ரசிகர்கள் பேசுவது எல்லாரும் படிக்கக்கூடிய திறந்தவெளியில். ஒவ்வொரு குழுவுக்கும் கண்காணிப்பாளர்கள் உண்டு. ஆனால் அழைப்பின் பேரில் நுழையும் அறைகளைக் கொண்ட டிஸ்கார்டும் புலனமும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றன. அதாவது பலர் கண் படும் மைதானத்தைப் பூட்டிவிட்டு, கதவு சாத்திய அறையைத் திறந்து விட்டது போல. பிள்ளைகளை ஏமாற்றுபவன் முதலில் செய்யும் காரியமே மைதானத்திலிருந்து அறைக்குக் கூட்டிப்போவதுதான்.

தடை தவறு என்பதல்ல இதன் பொருள். இந்த நாட்டில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்கள் கடந்த ஆண்டு ஜனவரி முதல் உரிமம் பெற வேண்டியிருக்கிறது. அது சரியான திசையில் ஓர் அடி. இத்தனை காலம் பெரிய நிறுவனங்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் காக்கும் பொறுப்பைப் பெற்றோர் தலையில் கட்டின. ஆனால் 14 வயதுப் பிள்ளை ஒன்று தன் ஆர்வத்துக்கு ஊரில் துணையில்லாமல், இணையத்தில் இரண்டு நல்ல நண்பர்களைக் கண்டு வைத்திருந்தால், தடை அன்று அது இழப்பது 'பொழுதுபோக்கை' மட்டுமல்ல. அந்த இடத்தில் வைப்பதற்கு ஊரில் என்ன இருக்கிறது? தமிழ்ப்பள்ளிகள் அறிவியல் விழாக்களில் சாதனை படைக்கின்றன. மாதம் ஒருமுறை தொடர் ஒன்றைத் திரையிட்டு விவாதிக்கும் மன்றம் எத்தனை பள்ளியில் இருக்கிறது? தோட்டத்து மண்டபம் பல இடங்களில் பூட்டிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் ஊரே கூடி ஒரே தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்த மண்டபம் அது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது, அதற்குச் சட்டம் தேவையில்லை. "யாரோடு பேசுகிறாய்?" என்று கேட்டால் பிள்ளை மறைக்கும். "என்ன தொடர் அது, கதை என்ன?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசும். அந்த அரை மணியில் நண்பர்கள் பெயரும் தானாக வந்துவிடும். பணம், படம், தனியே சந்திப்பு ஆகிய மூன்றில் எதைக் கேட்டிருந்தாலும் அதிலேயே வெளிப்படும். பணம் கைமாறிவிட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டும்.

வயதைச் சரிபார்க்க மைகார்ட், கடப்பிதழ், மைடிஜிட்டல் ஐடி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம் என்று அரசாங்கத் தரப்பில் சொல்லப்பட்டிருக்கிறது. இங்கேதான் இந்தியச் சமூகத்துக்கு மட்டும் கூடுதலான ஒரு கவலை. பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் தோட்டப்புறங்களிலும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் இன்னும் இருக்கிறார்கள். பள்ளியிலும் வேலையிலும் ஏற்கெனவே கதவு சாத்தப்பட்ட அவர்கள், 16 வயது கடந்த பிறகும் வயதை நிரூபிக்க முடியாமல் இணையத்துக்கும் வெளியே நிற்க நேருமா? பள்ளிக்குப் போகாத இளைஞனுக்கு வெளியுலக நண்பர்கள் கிடைக்கும் ஒரே இடம் பெரும்பாலும் கையிலிருக்கும் அந்தத் திறன்பேசிதான். விதிமுறைகள் வகுக்கப்படும் மேசையில் இந்திய அமைப்புகளும் அரசியல் கட்சிகளும் இந்தக் கேள்வியை இப்போதே வைத்து, எழுத்துப்பூர்வமான பதிலைக் கேட்டு வாங்க வேண்டும்.